விடுபட்ட எண்ணுக்குக் கணக்கு எங்கே?

மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் தாக்கல் செய்கிற வியாபாரிகளுக்கு அதன் 13-ஆவது அட்டவணை தெரிந்திருக்கும். விற்பனைத் தொகையோ வரித் தொகையோ அதில் கிடையாது. அந்த மாதம் போட்ட பில்கள் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிந்தன, மொத்தம் எத்தனை, ரத்தானவை எத்தனை, மீதி எத்தனை என்று மட்டும் அது கேட்கிறது. 2025 மே மாத வரிக்காலத்திலிருந்து அதை நிரப்புவது கட்டாயமாகிவிட்டது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத அட்டவணைக்கு ஏன் இத்தனை மதிப்பு? காரணம் எளிது. கணக்கில் இருக்கிற பில்லை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கணக்கில் ஏறாமல் போன பில்லை எப்படிச் சரிபார்ப்பது? அதைப் பார்க்கவே முடியாதே. இருக்கிறவற்றைக் கொண்டு இல்லாததை அறிவதற்குத் தொடர் எண்ணைவிட எளிய கருவியை மனிதர்கள் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. 417-க்கு அடுத்து 419 வந்தால், 418 என்ற ஒன்று எங்கோ இருந்தது, அல்லது இருந்திருக்க வேண்டும் என்று அந்தத் தாள்களே சொல்லிவிடுகின்றன.

இப்படி விடுபட்ட எண்ணைக் கண்டதும் இரண்டு விதமான அவசரம் நம்மிடம் உண்டு. ஒரு சாரார் உடனே திருட்டு என்பார்கள். மற்றவர்கள், குறிப்பாக மென்பொருள் எழுதுகிறவர்கள், கம்ப்யூட்டரில் இதெல்லாம் சகஜம், கண்டுகொள்ளாதீர்கள் என்பார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. எண் விடுபடுவதற்கு நேர்மையான காரணங்கள் பல உண்டு; அவற்றைத் தவிர்க்கவும் முடியாது. ஆனால் அந்தக் காரணம் எங்கும் எழுதப்படாமல் போனால், நேர்மையான இடைவெளிக்கும் களவாடிய இடைவெளிக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும். எண் விடுபடவே கூடாது என்று அடம்பிடிக்க வேண்டாம். விடுபட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் கணக்குக் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே, ஆவணங்களைப் பாதுகாக்கச் சட்டம் எழுதியவர்களுக்கு இது புரிந்திருந்தது. நிலமோ வீடோ வாங்கிப் பத்திரம் பதிகிற சார்பதிவாளர் அலுவலகங்கள் இன்றும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. ஒவ்வொரு புத்தகத்திலும் பதிவுகளுக்கு இடையறாத தொடர் எண் தரவேண்டும், அந்தத் தொடர் ஆண்டோடு தொடங்கி ஆண்டோடு முடியவேண்டும் என்கிறது அதன் 53-ஆவது பிரிவு. அதனால்தான் ஆவண எண்ணைச் சொல்லும்போது ஆண்டையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அதே எண் ஆண்டுதோறும் ஒன்று இருக்கும். 16-ஆவது பிரிவு இன்னும் நுட்பமானது. பதிவுப் புத்தகத்தின் பக்கங்களுக்கு அச்சிலேயே தொடர் எண் இருக்கவேண்டும். மொத்தம் எத்தனை பக்கங்கள் என்று புத்தகத்தை வழங்குகிற அதிகாரி தலைப்புப் பக்கத்தில் சான்றளித்திருக்கவேண்டும். நடுப் பக்கம் ஒன்றைக் கிழித்தால் எண்வரிசை காட்டிக்கொடுக்கும். கடைசிப் பக்கத்தைக் கிழித்தால் எண்வரிசையில் ஒரு குறையும் தெரியாது. முதலிலேயே எழுதிவைத்த அந்த மொத்தம்தான் காட்டிக்கொடுக்கும். இந்த இரண்டாவது ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய மென்பொருள்கள் பல கோட்டை விடுகிற இடம் அதுதான்.

இன்று எண்ணைப் போடுவது டேட்டாபேஸ் என்னும் தரவுத்தளம். புதிய பதிவு ஒன்று வரும்போதெல்லாம் அடுத்த எண்ணைத் தானாக எடுத்துக் கொடுக்கும் வசதி பெரும்பாலான தரவுத்தளங்களில் உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர்கள் 1, 2, 3 என்று விடாமல் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் நடுநடுவே எண்கள் காணோம். யாரும் எதையும் அழிக்கவில்லை, ஆனாலும் காணோம். ஒரே நேரத்தில் பலர் வேலை செய்வதுதான் இதற்கு முதல் காரணம். மருத்துவமனையில் டோக்கன் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். 12-ஆம் டோக்கனை வாங்கியவர் வைத்தியரைப் பார்க்காமலே திரும்பிப் போய்விடுகிறார். அதற்குள் 13, 14 கொடுத்தாகிவிட்டது. பின்னால் வந்தவர்களின் டோக்கனை வாங்கித் திருத்த முடியாது. 12 வீண்தான். தரவுத்தளத்திலும் ஒரு கவுன்ட்டரில் 501 எடுத்துத் தொடங்கிய பரிவர்த்தனை, கார்டு வேலை செய்யாமலோ இணைப்பு அறுந்தோ பாதியில் நின்றுபோனால், பணமும் சரக்கும் பழைய நிலைக்குத் திரும்பும், எண் திரும்பாது. பக்கத்துக் கவுன்ட்டரில் 502 போய்விட்டதே. 501-இன் கதி தெரியும்வரை 502 காத்திருக்கட்டும் என்றால், ஒரு கவுன்ட்டர் தடுமாறுகிறபோதெல்லாம் எல்லாக் கவுன்ட்டர்களும் நிற்கவேண்டி வரும். அதைத் தவிர்ப்பதற்காகத் தெரிந்தே செய்த ஏற்பாடு இது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் கையேடு, இடைவெளி இல்லாத எண்வரிசைக்கு இந்த வசதியை நம்ப முடியாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

வேகத்துக்காகச் செய்கிற இன்னொரு காரியமும் எண்களை விழுங்கும். ஒவ்வொரு முறையும் வட்டில் போய் அடுத்த எண்ணைக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு கட்டு எண்களை முன்கூட்டியே நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆரக்கிளில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டு 20 எண்கள் கொண்டது. சர்வர் திடீரென்று நின்றால் கட்டில் மிச்சமிருந்தவை போயின. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 2012 பதிப்பு முதல் இந்தத் தாவல் பெரிது: எதிர்பாராமல் நின்று மறுபடி எழும்போது எண் ஏறத்தாழ 1,000 தாண்டிவிடும், பெரிய எண் வகை என்றால் 10,000. நேற்று 312-ஆம் ஆர்டரில் நின்ற கடை இன்று காலை ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கினால் முதலாளி பதறத்தானே செய்வார்? புகார்கள் வந்த பிறகு, 2017 பதிப்பில் இப்படி எண்களை முன்கூட்டியே எடுத்து வைப்பதை ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனியாக நிறுத்தி வைக்க வழி செய்தார்கள்.

இனி, விடுபட்டதைக் கண்டுபிடிப்பது எப்படி? கேட்டால் சிறுபிள்ளை வேலை போலத் தோன்றும். கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை இருக்கவேண்டும் என்று தெரியும். எத்தனை இருக்கிறது என்று எண்ணி ஒப்பிட்டால் போதும். 1001 முதல் 1100 வரை 99 அல்ல, 100 பில்கள். அந்த ஒன்றைக் கூட்ட மறப்பதுதான் இந்த வேலையில் மிகவும் வழக்கமான பிழை. ஆனால் இந்த ஒப்பீட்டை மட்டும் நம்பக்கூடாது. 1040 விடுபட்டு, 1072 இரண்டு முறை ஏறியிருந்தால் எண்ணிக்கை கச்சிதமாக 100 வரும். ஒரு குறை, ஒரு மிகை, இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். ஆகவே இரட்டிப்பைத் தேடுவது முதல் வேலை, இடைவெளியைத் தேடுவது அடுத்த வேலை. எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சரிபார்ப்பை முடித்துக்கொள்கிற ஆடிட்டர், பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

எந்த எண் விடுபட்டது என்று அறிய, வரிசைப்படுத்தி ஒவ்வொரு பதிவையும் அதற்கு முந்தையதோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் ஒன்றைத் தாண்டினால் அங்கே இடைவெளி. தரவுத்தளங்களின் கேள்வி மொழியான எஸ்க்யூஎல்லில் முந்தைய வரியையும் அடுத்த வரியையும் எட்டிப் பார்க்க லேக், லீட் என்று இரண்டு வசதிகள் இருக்கின்றன. முன்பெல்லாம் ஓர் அட்டவணையை அதனோடேயே பொருத்தி, லட்சக்கணக்கான வரிகளில் மணிக்கணக்காக ஓடவிட்டுப் பார்த்த வேலை, இப்போது ஒரே நடையில் முடிகிறது. இதைவிட எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு; அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். கையில் இருக்கிற எண்கள் 101, 102, 103, 105, 106, 109 என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் அவற்றின் இடம் 1, 2, 3, 4, 5, 6. எண்ணிலிருந்து இடத்தைக் கழியுங்கள்: 100, 100, 100, 101, 101, 103 என்று வரும். எண்கள் விடாமல் தொடரும்வரை இந்த மிச்சம் மாறாது. மாறுகிற இடத்தில் இடைவெளி. எவ்வளவு மாறுகிறதோ அத்தனை எண்கள் காணோம். 100 என்பது 101 ஆனபோது 104 என்ற ஒன்று போயிற்று. 101 என்பது 103 ஆனபோது 107, 108 என்று இரண்டு போயின. கடைசி மிச்சமான 103-இலிருந்து முதல் மிச்சமான 100-ஐக் கழித்தால், மொத்தம் விடுபட்டவை 3. ஒரு கழித்தல் கணக்கு, எங்கே என்பதையும் எத்தனை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. எக்செல் தாளில் இரண்டு பத்திகள் போட்டு எந்தக் கணக்குப்பிள்ளையும் இன்றே செய்துபார்க்கலாம்.

கணக்கு எளிது என்றாலும், கணக்குக்குள் போடுகிற எண்களைச் சரியாகப் பிரிப்பதில்தான் சங்கடம். ஜிஎஸ்டி விதிகளில் 46-ஆவது விதி, பில் எண் தொடர்ச்சியாக இருக்கவேண்டும், 16 எழுத்துகளைத் தாண்டக்கூடாது, நிதியாண்டுக்குள் ஒன்றைப் போல் இன்னொன்று வரக்கூடாது என்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு எல்லாம் சேரலாம். மதுரைக் கிளைக்கு ஒரு தொடர், சேலம் கிளைக்கு ஒரு தொடர், கடனுக்கு ஒன்று, ரொக்கத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிற கடையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தேடினால், இல்லாத இடைவெளிகள் நூறு தெரியும்; உண்மையான இடைவெளியை இன்னொரு தொடரின் எண் வந்து அடைத்துக்கொள்ளவும் கூடும். முதலில் தொடர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் பிரிக்கவேண்டும். பிறகு முன்னொட்டுகளைக் கழற்றி, மிஞ்சியதை எழுத்தாக அல்லாமல் எண்ணாக மாற்றவேண்டும். எழுத்தாக விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அகராதி வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் 10 என்பது 9-க்கு முன்னால் வந்து நிற்கும். தவறான எச்சரிக்கைகள் பத்து வந்தால் பதினோராவதாக வருகிற உண்மையான எச்சரிக்கையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தப் பிரிக்கும் வேலையைச் சலிப்பான வேலை என்று ஒதுக்காமல் பொறுமையாகச் செய்யவேண்டும் என்கிறேன்.

இடைவெளிகள் கைக்கு வந்த பிறகுதான் விசாரணை தொடங்குகிறது. இடைவெளிக்கு ஓர் உருவம் உண்டு. நாள் முழுவதும், எல்லாக் கவுன்ட்டர்களிலும், ஒன்றொன்றாகச் சிதறிக் கிடந்தால், பாதியில் நின்ற பரிவர்த்தனைகள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இருபதுக்குள் ஒரு கட்டாகப் போய், அதே நேரத்தில் சர்வர் நின்று எழுந்த பதிவும் இருந்தால், நினைவகத்தில் இருந்த கட்டு போனது. ஏறத்தாழ ஆயிரம் என்றால் எது காரணம் என்று மேலே பார்த்தோம். விடுபட்ட எண்ணுக்கு நேரம் கிடையாது. ஆனால் அதன் இருபுறமும் நிற்கிற எண்களுக்கு நேரம் உண்டு. 4311 பிற்பகல் 3.10-க்கும் 4313 பிற்பகல் 3.11-க்கும் ஏறியிருந்தால், பெரும்பாலும் 4312 அந்த ஒரு நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டதுதான். அந்த நிமிடத்தில் எந்தக் கவுன்ட்டரில் யார் இருந்தார்கள், கார்டு எந்திரத்தில் பணம் ஏறியதா, சரக்கு இருப்பு குறைந்ததா என்று மற்ற ஆவணங்களைக் கேட்கலாம். மாறாக, இடைவெளிகள் ஒரே கவுன்ட்டரில், ஒரே ஆள் இருக்கும் நேரத்தில், ரொக்க பில்களில் மட்டும் திரண்டு நின்றால், அதற்குச் சர்வர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சர்வருக்கு ரொக்கம், கார்டு என்ற பேதம் தெரியாது. இப்படி உருவத்தைப் பார்த்துப் பிரிக்கிறபோதுதான் நிரபராதியும் காப்பாற்றப்படுகிறார். எண் விடுபட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கேஷியரைக் கேள்வி கேட்பது அநியாயம்.

பதிவுப் புத்தகத்தில் பார்த்த அந்தக் கடைசிப் பக்கத்துக்கு இப்போது வருவோம். மேலே சொன்ன எல்லா வழிகளும் இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் காட்டும். மாலையில் போட்ட கடைசி ஐந்து பில்களை அழித்துவிட்டால், அவற்றுக்கு அப்பால் எண்ணே கிடையாது. எனவே நடுவும் கிடையாது. முதல் எண் சரி, கடைசி எண் சரி, எண்ணிக்கை சரி. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பல ஆண்டுகள் இதை இன்னும் மோசமாக்கிய ஒரு குறை இருந்தது. அடுத்த எண் என்ன என்பதை அதன் இன்னோடிபி பிரிவு நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. நிறுத்தி மறுபடி தொடங்கினால், இருப்பதில் பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசிப் பதிவுகளை அழித்துவிட்டு சர்வரை ஒரு முறை நிறுத்தித் தொடங்கினால், அழிந்த எண்களே புதிய பதிவுகளுக்குப் போய்ச் சேரும், சுவடே இருக்காது. 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் இது சரியானது. ஆகவே வரிசையின் இரு முனைகளுக்கும் வரிசைக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். நாள் முடிவில் கடைசி எண்ணை வேறொருவர் வேறோர் இடத்தில் எழுதிவைப்பது, மறுநாள் முதல் எண் அதற்கு அடுத்ததா என்று பார்ப்பது, மாதத்தின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் அரசுக்கு அனுப்பிவிடுவது ஆகியவை அந்தச் சாட்சிகள். அனுப்பிய பிறகு நம் கணக்கில் எதை மாற்றினாலும் அங்கே போனது மாறாது.

இதற்குச் சொல்லப்படுகிற மறுப்புகளில் வலுவானது ஒன்று: எண்கள் விடாமல் இருந்தால் மட்டும் நேர்மை நிரூபணம் ஆகிவிடுமா? ஆகாது. பில் எந்திரங்களுக்குள் புகுந்து, சில விற்பனைகளை அழித்துவிட்டு, மிஞ்சியவற்றுக்குப் புதிதாக 1, 2, 3 என்று எண்ணிட்டுவிடுகிற மென்பொருள்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. வரி ஏய்ப்புக்கு இவை எவ்வளவு பெரிய வாசல் என்று ஓஇசிடி அமைப்பு 2013-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டூ லெனர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பால்பொருள் அங்காடியில், விற்பனைப் பதிவுகளைக் குறைத்துக் காட்டும் கம்ப்யூட்டர் நிரல் கொண்டு சுமார் 1.7 கோடி டாலர் மறைக்கப்பட்டதாக வழக்கு நடந்து, 1993-இல் நிறுவனர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இத்தகைய இடத்தில் இடைவெளியைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. உண்மையில், பல கவுன்ட்டர்கள் உள்ள பெரிய கடையில் ஆண்டு முழுவதும் ஒரு பில்கூட ரத்தாகவில்லை, ஓர் எண்கூட விடுபடவில்லை என்றால், அதுவே சந்தேகத்துக்கு உரியது. இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை. அதற்கு வலுத்தான் சேர்க்கிறது. எண் விடுபடக்கூடாது என்று மட்டும் கேட்டால், எண்ணை ஒட்டவைத்துக் கொடுப்பார்கள். விடுபட்டதற்குக் காரணம் கேட்டால், காரணத்தை மற்ற ஆவணங்களோடு ஒத்துப்பார்க்கலாம்.

மறு எண்ணிடும் களவைத் தடுக்கவும் வழி உண்டு. போர்ச்சுகல் நாட்டில் 2011 முதல் சான்று பெற்ற பில் மென்பொருள்களில் ஒவ்வொரு பில்லும் தனக்கு முந்தைய பில்லின் மின்கையொப்பத்தைச் சேர்த்துக்கொண்டே தன் கையொப்பத்தை உருவாக்கவேண்டும். நடுவில் ஒன்றை உருவிவிட்டு எண்ணை மாற்றினால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனை கையொப்பங்களும் பொய்த்துவிடும். இந்தியாவிலும் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும் வசதி, நிறுத்தவே முடியாதபடி இருக்கவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இ-இன்வாய்ஸ் போடுகிறவர்கள் 24 மணி நேரத்துக்குள் அதை ரத்துசெய்யலாம். ஆனால் ரத்தான பில்லின் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. இவை எதுவும் எண் விடுபடுவதைத் தடுக்க வந்தவை அல்ல என்பதைக் கவனியுங்கள். விடுபட்டது விடுபட்டதாகவே, எல்லோரும் பார்க்கும்படி நிற்கவேண்டும் என்பதற்காக வந்தவை.

இன்னொரு மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. தொடர் எண்ணே ஆபத்து, அது நம் ரகசியங்களை வெளியே சொல்லிவிடும், ஆகவே முன்பின் தொடர்பில்லாத நீண்ட எண்களைக் கொடுத்துவிடலாம் என்பார்கள். இதற்கு வரலாற்றில் பெரிய சான்றே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரியவேண்டியிருந்தது. 1942 ஆகஸ்டில் உளவுத் தகவல்கள் 1,550 என்றன. கைப்பற்றிய டாங்கிகளின் கியர் பாக்ஸ் முதலான பாகங்களில் பொறித்த தொடர் எண்களை வைத்துக் கணக்கிட்ட புள்ளியியலாளர்கள் 327 என்றார்கள். போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தபோது உண்மை 342. சில எண்களைப் பார்த்தே மொத்தத்தைச் சொல்லிவிடலாம் என்றால், இரண்டு பில்களை ஒரு வாரம் தள்ளி வாங்குகிற போட்டிக் கடைக்காரர் நம் வாரப் பில்களை எண்ணிவிடலாம் என்பது மெய்தான். இணைய முகவரியில் வரிசை எண்ணைப் போட்டு, ஒன்றைக் கூட்டினால் அடுத்த வாடிக்கையாளரின் விவரம் தெரியும்படி விட்டுவிடுவது இன்னும் பெரிய அபாயம். ஆனால் தொடர்பில்லா எண்களில் இடைவெளி என்ற ஒன்றே கிடையாது. ஆகவே அழித்தால் சுவடும் கிடையாது. வெளியாருக்குக் காட்டுகிற அடையாளம் தொடர்பில்லாததாக இருக்கட்டும். உள்ளே, தணிக்கைக்கு, தொடர் எண் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே பதிவில் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

மறைப்பதற்கே நியாயம் உள்ள இடங்களும் உண்டு. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு விலக்கும் அளித்தது. முதல் தகவல் அறிக்கைகளுக்கு ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஆண்டுதோறும் தொடர் எண்தான். இணையத்தில் பார்க்கிறவருக்கு நடுவில் சில எண்கள் இருக்காது. அங்கே அந்த இடைவெளி ஒரு பெண்ணையோ குழந்தையையோ காப்பாற்றி நிற்கிறது. அதே சமயம், வழக்கே பதியாமல் விட்டுவிட்டார்கள் என்ற நிலைக்கும், பதிந்து காக்கிறார்கள் என்ற நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த விடுபட்ட எண்ணே காட்டுகிறது: காவல் நிலையத்தில் எண் போடப்பட்டிருக்கிறது, இணையத்தில் மட்டும் அது மறைந்திருக்கிறது. நீதிமன்றம் காரணத்தைப் பொதுவில் சொல்லியிருப்பதால் யாரும் அதைத் திருட்டு என்று நினைக்க வேண்டியதில்லை. காரணம் எழுதப்பட்ட இடைவெளி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

சிறு கடைக்காரருக்கு இதெல்லாம் கூடுதல் சுமை ஆகாதா என்று கேட்கலாம். சுமை மென்பொருள் செய்கிறவர் மேல்தான் விழவேண்டும், கடைக்காரர் மேல் அல்ல. தரவுத்தளம் தன் உள்வேலைக்குத் தானாகப் போட்டுக்கொள்ளும் எண்ணையே பில் எண்ணாக அச்சிடுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு மூலம். அது எந்திரத்தின் வசதிக்கான எண். எப்படி வேண்டுமானாலும் தாவட்டும். பில் எண்ணைத் தனியாக, விற்பனை முடிந்து பதிவாகிற கடைசிக் கணத்தில், ஒருவருக்குப் பின் ஒருவராகப் பூட்டிக் கொடுக்கவேண்டும். பாதியில் நின்ற பரிவர்த்தனை பில் எண்ணைத் தொடாமலே போய்விடும். இதனால் வேகம் சற்றுக் குறையும் என்பது உண்மை. நொடிக்கு ஆயிரக்கணக்கான பதிவுகள் ஏறுகிற இடத்தில் அது தாங்காது; நிமிடத்துக்கு நாலைந்து பில் போடுகிற கடையில் யாருக்கும் தெரியாது. போட்ட பில்லை அழிக்கிற பொத்தானே மென்பொருளில் இருக்கக்கூடாது. ரத்துசெய்கிற பொத்தான் இருக்கலாம், அதை அழுத்தினால் காரணம் கேட்கவேண்டும். பழைய பில் புக்கில் தப்பாக எழுதிய பில்லைக் கிழித்து எறியாமல் குறுக்கே கோடு போட்டு அடிக்கட்டையோடு வைத்திருந்தார்களே, அதே ஒழுங்குதான் இது.

பில் மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் விலையையும் அழகையும் பார்ப்பதற்கு முன்னால், விடுபட்ட எண்களின் பட்டியலை இது எடுத்துத் தருமா, ரத்துக்குக் காரணம் பதியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லை என்றால் வேறு பாருங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை, படிவம் தாக்கல் செய்வதற்கு முன்பு, அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே காரணத்தை எழுதி, எழுதியவர் கையெழுத்தோடு வையுங்கள். ஞாபகம் இருக்கிற மாதத்தில் அது அரை மணி நேர வேலை. நான்கு ஆண்டுகள் கழித்து நோட்டீஸ் வந்தபின் யாராலும் முடியாத வேலை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாத்து வைத்திருக்கவேண்டும். விடுபட்ட எண்களின் காரணப் பட்டியலையும் அந்தக் கணக்குகளோடு சேர்த்தே, அதே 72 மாதங்களுக்கு வைத்திருங்கள்.